2008 பிஎம்டபிள்யூ 325ஐ வாங்கலாமா? பதினெட்டு வயசு ஆறு சிலிண்டர், அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

சேலையூர்_ஸ்டீயரிங் | வெள்ளி, இரவு 10:42

வணக்கம். இவ்வளவு நாள் படிச்சிட்டு மட்டும் இருந்தேன், முதல் தடவையா ஒரு இழை ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

2007ல எனக்கு இருபத்திமூணு வயசு. மறைமலைநகர்ல ஒரு உதிரிபாகக் கம்பெனியில டிரெய்னி. அந்த வருஷம் மார்ச் கடைசியிலதான் சிங்கப்பெருமாள்கோவில் பக்கத்துல, மகிந்திரா வேர்ல்டு சிட்டிக்குள்ள பிஎம்டபிள்யூ ஆலை திறந்தாங்க. முதல்ல அங்க பூட்டினது 3 சீரிஸ், ஈ90 மாடல். ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல ஜன்னலோரம் உட்கார்ந்து வருவேன். ஜிஎஸ்டி ரோட்ல லாரி மேல வரிசையா அந்த வண்டிங்க போகும். விலையைக் கேட்கிற யோசனைகூட அப்ப வரலை. நம்ம ஊர்ல, நம்ம பசங்க கையால பூட்டுன வண்டின்னு ஒரு பெருமை மட்டும்தான்.

இப்ப அதே மாடல் அடையாறுல ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. 2008 பதிவு, 325ஐ பெட்ரோல் ஆட்டோமேட்டிக், கருநீலம், டிஎன்07. ரெண்டாவது ஓனர், ரிட்டயர்டு இன்ஜினியர். 94,000 கிலோமீட்டர். 6 லட்சத்து 40 ஆயிரம் கேட்கிறார். முன் பம்பர்ல கீறல், ரூஃப்ல கிளியர் கோட் அங்கங்க உரிஞ்சிருக்கு, டிரைவர் சீட் ஓரத்துல தோல் வெடிச்சிருக்கு. ஆனா ஒரு தடிமனான ஃபைல் வெச்சிருக்கார்.

வீட்ல மனைவி ஓட்டுற சின்ன ஹேட்ச்பேக் ஒண்ணு இருக்கு. நான் வேலைக்குப் போறது ரயில்ல. அதனால இது ஞாயித்துக்கிழமை வண்டி, மாசத்துக்கு ஒரு தடவை பாண்டிச்சேரி, வருஷத்துக்கு ரெண்டு தடவை தஞ்சாவூர். கையில மொத்தம் 8 லட்சம் இருக்கு, கடன் வாங்க மாட்டேன். மெர்சிடிஸ் சி கிளாஸ், ஆடி ஏ4 ரெண்டும் இதே விலைக்குள்ள கிடைக்குது. மனசு என்னவோ இதுலதான் நிக்குது. மனசை மட்டும் நம்பி பணத்தைப் போட பயமாவும் இருக்கு.

---

போரூர்_டாப்கியர் | வெள்ளி, இரவு 11:15

வேண்டாம் ப்ரோ. 8 லட்சத்துக்கு ரெண்டு மூணு வருஷம் ஓடின நல்ல ஹேட்ச்பேக் வாரண்டியோட வரும். இது புதுசுல முப்பது லட்சத்துக்கு மேல போன வண்டி. இன்னிக்கு நீங்க ஆறு லட்சத்துக்கு வாங்கினாலும் பார்ட்ஸ் விலை அந்த முப்பது லட்சக் கணக்குலதான் வரும். அதை மட்டும் மறக்காதீங்க.

---

அம்பத்தூர்_ஸ்பேனர் | சனி, காலை 6:20

தம்பி, மேல சொன்னவர் சொன்னது உண்மை. அதையே முதல் கணக்கா வெச்சுக்குங்க. ஆனா "வேண்டாம்"னு முடிக்கிறதுக்கு முன்னாடி, எதை வாங்குறீங்கன்னு தெரிஞ்சுக்கணும். இருபத்திரெண்டு வருஷமா ஜெர்மன் வண்டி மட்டும் பார்க்கிறேன், அதுல ஈ90தான் நிறைய.

முதல்ல ஆர்சியை எடுத்து சிசி எவ்வளவுன்னு பாருங்க. 2497ன்னு இருந்தா அது என்52 இன்ஜின். வரிசையா ஆறு சிலிண்டர், டர்போ கிடையாது, 218 குதிரைசக்தி. பிளாக்கே ஒரு தனி விஷயம்: உள்ளே அலுமினியம், அதைச் சுத்தி மெக்னீசியம். அதனாலதான் ஆறு சிலிண்டர் இருந்தும் மூக்கு கனமா தெரியாது, ஸ்டீயரிங் அவ்வளவு லேசா திரும்பும். பெட்ரோல் இன்டேக் போர்ட்லயே தெளிக்கிற பழைய முறை. புது இன்ஜின்கள்ல சிலிண்டருக்குள்ள நேரா தெளிக்கிறதால வால்வுல கரி படியும், ஹை பிரஷர் பம்ப் போகும். அந்த ரெண்டு தலைவலியும் இதுல இல்லை. இதுக்கு அடுத்து வந்த எஃப்30ல 328ஐன்னு பேர் இருந்தாலும் நாலு சிலிண்டர் டர்போதான், ஸ்டீயரிங்கும் எலெக்ட்ரிக் ஆயிடுச்சு. டர்போ இல்லாத ஆறு சிலிண்டர், ஹைட்ராலிக் ஸ்டீயரிங், கைக்கு அடக்கமான சைஸ், மூணும் சேர்ந்த கடைசி 3 சீரிஸ் இதுதான். இன்னிக்கு இதைத் தேடி வர்றவங்க வர்றது அதுக்காகத்தான்.

இப்ப கெட்டதைச் சொல்றேன்.

வாட்டர் பம்ப் எலெக்ட்ரிக். பெல்ட்ல ஓடாது, தனி மோட்டார். பெல்ட் பம்பா இருந்தா கொஞ்ச நாள் கத்தும், ஒழுகும், நமக்குத் தெரியும். இது நேத்து வரைக்கும் ஓடிட்டு இன்னிக்குக் காலையில நின்னுடும். லட்சம் கிலோமீட்டர் பக்கம் வந்தா, ஓடிட்டிருந்தாலும் மாத்திடணும், தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து. உங்க வண்டி 94,000. மாத்தின பில் ஃபைல்ல இல்லைன்னா அந்தச் செலவு உங்களோடதுன்னு முடிவு பண்ணிக்குங்க.

இந்த மாடல் மீட்டர்ல டெம்பரேச்சர் முள் கிடையாது, அந்த இடத்துல மைலேஜ் முள்தான் இருக்கும். கத்திரி வெயில்ல, டைடல் பார்க் சிக்னல்ல ஏசி போட்டு நிக்கும்போது இன்ஜின் எவ்வளவு சூட்டுல இருக்குன்னு நீங்க பார்க்க முடியாது. சிவப்பு எச்சரிக்கை வர்ற வரைக்கும் எதுவும் சொல்லாது. அது வந்த பிறகு "வீடு பக்கத்துலதானே"ன்னு இன்னொரு ரெண்டு கிலோமீட்டர் ஓட்டினா ஹெட் போச்சு. ஓரம் கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணிடணும். ஸ்கேனர் மாட்டினா உண்மையான டிகிரி தெரியும். நூறைத் தாண்டித்தான் ஓடும், அது இதோட இயல்பு, பயப்படாதீங்க.

ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கட், வால்வு கவர் கேஸ்கட் ரெண்டும் நம்ம ஊர் சூட்டுல அப்பளம் மாதிரி காய்ஞ்சு நொறுங்கும். ஃபில்டர் ஹவுசிங் ஆயில் பெல்ட்டு மேல ஒழுகினா பெல்ட்டையும் சேர்த்துக் கெடுக்கும். டிப்ஸ்டிக் கிடையாது, ஆயில் லெவலை டிஸ்ப்ளேலதான் பார்க்கணும்.

இன்னொண்ணு. மெக்னீசியம் பிளாக்ல அலுமினிய போல்ட்தான் போடணும், ஒரு தடவை கழட்டினா திரும்பப் போடக் கூடாது, புதுசுதான். அவசரத்துக்கு டப்பாவுல கிடக்கிற இரும்பு போல்ட்டைப் போட்டு முறுக்கிவிட்ட வண்டிகளைப் பார்த்திருக்கேன். ரெண்டு உலோகமும் ஒத்துப்போகாம அந்த இடமே அரிச்சுப் போயிடும். அதனால வண்டியைப் பார்க்கிறதைவிட, இதுவரைக்கும் யார் கை வெச்சாங்கன்னு பாருங்க. ஃபைலை ஒரு ராத்திரி வாங்கிட்டு வந்து உட்கார்ந்து படிங்க.

---

மடிப்பாக்கம்_டீசல் | சனி, காலை 9:05

அண்ணே, இதே மாடல்ல டீசல், 320டி, அதை ஏன் யாரும் சொல்லலை? மைலேஜ் நல்லா வரும், இழுவையும் பயங்கரம்.

---

அம்பத்தூர்_ஸ்பேனர் | சனி, காலை 9:40

வரும் தம்பி. மாசம் ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டறவர் கேட்டா டீசலைப் பத்திப் பேசலாம். ஆனா 2007 கடைசிக்கு அப்புறம் வந்த 320டில இருக்கிறது என்47. டைமிங் செயின் இன்ஜினுக்குப் பின்னாடி, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கு. செயின் நீண்டு போறது அந்த இன்ஜின்ல உலகம் முழுக்கத் தெரிஞ்ச பலவீனம். மாத்தணும்னா கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கணும். காலையில ஸ்டார்ட் பண்ணும்போது பின்பக்கத்துல இருந்து சங்கிலி உரசுற சத்தம் வந்தா அந்த வண்டியைத் தொடாதீங்க. ஞாயித்துக்கிழமை வண்டிக்கு அந்தக் கவலை எதுக்கு?

---

கீழ்ப்பாக்கம்_நட்சத்திரம் | சனி, பகல் 12:30

சேலையூர் சார், மறுபக்கத்தையும் கொஞ்சம் கேளுங்க. என்கிட்ட 2009 சி200 இருக்கு, டபிள்யூ204. ஒன்பது வருஷமா நானே ஓட்டுறேன்.

வளைவுல 3 சீரிஸ் தர்ற சுகம் இதுல இல்லை, ஒத்துக்கிறேன். ஆனா சென்னையில வளைவு எங்க இருக்கு? மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட ரோட்ல, வருஷத்துக்கு ஒரு தடவை பெயர்க்கிற தார்ல, அப்பா அம்மாவைப் பின்னாடி உட்கார வெச்சு ஓட்டிப் பாருங்க. ஈ90 ரன்ஃபிளாட் டயரோட, அதாவது பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடற டயரோட, வந்த வண்டி. பக்கச் சுவர் கட்டை மாதிரி இருக்கும், ஒவ்வொரு குழியும் முதுகெலும்புக்குத் தெரியும். டிக்கியில ஸ்டெப்னிக்கு இடமே வைக்கலை.

குறையையும் சொல்லிடறேன். எம்271 இன்ஜின்ல டைமிங் செயின் நீளும், ஆயிலை நேரத்துக்கு மாத்தலைன்னா சீக்கிரமே. அடுத்தது ஸ்டீயரிங் லாக் மோட்டார். வயசானா ஒரு நாள் சாவியைப் போட்டுத் திருப்பினா லைட்கூட எரியாது, வண்டி செத்த மாதிரி நிக்கும். பேட்டரின்னு நினைச்சு ஏமாறாதீங்க. சாவியைச் செருகினதும் ஸ்டீயரிங் கீழே இருந்து 'ஸ்ர்ர்க்'னு ஒரு சின்ன சத்தம் வரணும். அது இழுத்து இழுத்து வந்தா மோட்டார் சாகப் போகுதுன்னு அர்த்தம்.

ஏ4 பார்க்கிறதா இருந்தா 1.8 பெட்ரோல்ல ஆயில் குடிக்கிற தொல்லை உண்டு, பிஸ்டன் ரிங் சமாச்சாரம். ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஊத்தறீங்கன்னு ஓனரை நேராவே கேளுங்க.

---

சேலையூர்_ஸ்டீயரிங் | சனி, மாலை 4:10

சார், பின் சீட் பத்தி நீங்க சொன்னது சரியான இடத்துல குத்துச்சு. அம்மாவுக்கு முதுகுவலி. ரன்ஃபிளாட்டை எடுத்துட்டு சாதா டயர் போட்டா மாறுமா?

---

கீழ்ப்பாக்கம்_நட்சத்திரம் | சனி, மாலை 5:02

நிறையவே மாறும். நிறைய பேர் அப்படித்தான் செய்யறாங்க. டிக்கியில ஒரு ஸ்டெப்னியைப் படுக்க வெச்சு பெல்ட் போட்டுக் கட்டிக்குங்க. இடம் போகும், அம்மா முதுகு தப்பிக்கும்.

---

வேளச்சேரி_நீர்மட்டம் | சனி, இரவு 9:48

எல்லாரும் இன்ஜினைப் பத்தியே பேசறீங்க. அடையாறு வண்டின்னு சொன்னதும் எனக்கு வேற ஒண்ணுதான் ஞாபகம் வந்தது. 2015 டிசம்பர்ல அந்த வண்டி எங்க நின்னுது? 2023 டிசம்பர் மிக்ஜாம் அன்னைக்கு எங்க நின்னுது? இந்த ரெண்டுக்கும் பதில் கிடைக்காம ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

நான் அனுபவிச்சவ. 2016 ஆகஸ்ட்ல ஒரு பழைய கார் கடையில செடான் ஒண்ணு வாங்கினேன். உள்ளே புது சீட் கவர், புது மேட், நல்ல வாசனை. எட்டு மாசம் ஒழுங்கா ஓடுச்சு. அப்புறம் ஏர்பேக் லைட் எரிஞ்சுது. அடுத்து பவர் விண்டோ, அடுத்து ராத்திரியில தானா ஹாரன். கடைசியா ஒரு எலெக்ட்ரீஷியன் கார்பெட்டைத் தூக்கிக் காட்டினார். ஒயரிங் கனெக்டர் உள்ளே பச்சைப் பச்சையா பூத்துப் போயிருந்தது. தண்ணியில நின்ன வண்டி. கடைக்காரர் கைவிரிச்சுட்டார். வாங்கின விலையில பாதிக்குக்கூட அது போகலை.

அதுல இருந்து நான் எந்த வண்டியைப் பார்த்தாலும் முதல்ல பின் சீட் பெல்ட்டைத்தான் இழுப்பேன். சும்மா ஒரு முழம் இல்லை, கடைசிச் சுத்து வெளியே வர்ற வரைக்கும். வண்டியைக் கழுவறவங்க சீட்டைக் கழுவுவாங்க, மேட்டைக் கழுவுவாங்க, சுருளுக்குள்ள இருக்கிற பெல்ட்டை யாரும் கழுவ மாட்டாங்க. தண்ணி நின்னிருந்தா ஒரு இடத்துல பழுப்பா ஒரு கோடு தெரியும், காப்பி டம்ளர் வெச்ச கறை மாதிரி. என் வண்டியில அந்தக் கோடு அவ்வளவு தெளிவா இருந்தது. வாங்கறதுக்கு முன்னாடி இழுத்துப் பார்க்க எனக்குத் தோணலை.

அப்புறம் சீட்டை முன்னாடி தள்ளி, கீழே இருக்கிற தண்டவாளத்துல துரு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. டிக்கி கார்பெட்டைத் தூக்குங்க, இந்த வண்டிக்கு பேட்டரியே டிக்கியிலதான் இருக்கு. இன்சூரன்ஸ் பாலிசியைக் கேட்டு, நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம் இருக்கான்னு பாருங்க. தொடர்ந்து அஞ்சு வருஷம் கிளெய்ம் இல்லாம இருந்தாதான் அந்த 50 வரும். 2023 வெள்ளத்துல கிளெய்ம் போட்டிருந்தா அது உடைஞ்சிருக்கும்.

---

அம்பத்தூர்_ஸ்பேனர் | சனி, இரவு 10:15

மேடம் சொன்னதை அப்படியே செய்யுங்க தம்பி. இந்த வண்டியில லைட், ஜன்னல், கண்ணாடி எல்லாத்தையும் பார்த்துக்கிற மாட்யூல் கால் வைக்கிற இடத்துல, பக்கவாட்டுல இருக்கு. முழங்கால் தண்ணி நின்னாலே முதல்ல அடி வாங்கறது அதுதான். ஒரு லைட் விடாம எல்லாத்தையும் போட்டுப் பாருங்க.

---

கேகேநகர்_படிவம்30 | ஞாயிறு, காலை 8:30

காகிதப் பக்கம் யாரும் போகவில்லை. அதை நான் எழுதுகிறேன்.

2008 பதிவு என்றால் பதினைந்து ஆண்டு 2023ல் முடிந்திருக்கும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்திருக்க வேண்டும். ஆர்சியில் 2028 வரை செல்லும் என்று இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால், பெயர் மாற்றுவதற்கு முன் அதை விற்பவரே முடித்துத் தர வேண்டும். 2028ல் வண்டிக்கு இருபது வயது. 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் திருத்தத்தின்படி, இருபது ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 10,000 ரூபாய். அதுவே இறக்குமதி வண்டி என்றால் 80,000. இங்கே பூட்டிய ஈ90க்கும், முழு வண்டியாகக் கப்பலில் வந்த பழைய மாடல்களுக்கும் இந்த வித்தியாசம் உண்டு. ஆர்சியில் தயாரிப்பாளர் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

டெல்லியில் பதினைந்து ஆண்டு பெட்ரோல், பத்து ஆண்டு டீசல் என்று கட்டுப்பாடு வந்த பிறகு அங்கிருந்து இதே மாடல்கள் மலிவாகக் கீழே இறங்குகின்றன. விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, மீண்டும் தமிழ்நாட்டு வரி என்று கூட்டிப் பார்த்தால் மிச்சம் ஒன்றும் பெரிதாக இருக்காது. புதுச்சேரிப் பதிவு வண்டியும் அப்படித்தான். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் சட்டப்படி இங்கே பதிய வேண்டும். டிஎன்07 வண்டி கையில் இருக்கும்போது அந்தத் திசைக்கே போக வேண்டாம்.

பழைய கடன் ஏதாவது ஆர்சியில் தொங்குகிறதா என்றும் பாருங்கள். முதல் ஓனர் கடனை முடித்திருப்பார், படிவம் 35 கொடுத்து வங்கியின் பெயரை நீக்காமல் விட்டிருப்பார். பதினைந்து வருடம் கழித்து அந்தக் கடிதத்துக்கு அலைவது பெரும்பாடு. படிவம் 29, 30ல் கையெழுத்து வாங்கிய அன்றே பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள்.

"கிளாசிக் வண்டி, சலுகை கிடைக்குமா" என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். 2021 விதிப்படி முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு தாண்டினால்தான் விண்டேஜ். இதற்கு இன்னும் முப்பத்திரண்டு ஆண்டு இருக்கிறது.

---

திருவான்மியூர்_46 | ஞாயிறு, காலை 11:00

கிளாசிக்னு சொன்னா எனக்கு ஈ46தான், ஈ90க்கு முந்தின 3 சீரிஸ். 1998ல வந்த அந்த டிசைன் இன்னிக்கும் கண்ணுல நிக்குது. சேலையூர் அண்ணா, அதையும் ஒரு தடவை பாருங்களேன்?

---

அம்பத்தூர்_ஸ்பேனர் | ஞாயிறு, பகல் 1:25

அழகு ஈ46தான், மறுப்பே இல்லை. ஆனா சென்னை ஆலைக்கு முந்தின வண்டி, இங்க வந்ததே கொஞ்சம். கூலிங் சிஸ்டம் முழுக்க பிளாஸ்டிக், பின்பக்கம் ஆக்சில் மாட்டுற தகட்டுல விரிசல் விழும், அதை வெல்டிங் பண்ணத் தெரிஞ்ச கை வேணும். ஒரு சின்ன டிரிம் உடைஞ்சாலும் வெளிநாட்டுல இருந்து வரவழைக்கணும். புதுப்பேட்டையில தேடினா ஈ90 கதவு, லைட், கண்ணாடி கிடைக்கும், ஈ46க்கு வெறும் கையோடதான் திரும்புவீங்க. முதல் வண்டியா அதை எடுக்காதீங்க.

---

பெரம்பூர்_பெட்ரோல் | ஞாயிறு, மாலை 6:45

இப்ப பெட்ரோல் பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2008 வண்டி தாங்குமா?

---

அம்பத்தூர்_ஸ்பேனர் | ஞாயிறு, இரவு 8:10

நல்ல கேள்வி. இந்த வண்டி 10 சதவீதத்துக்கு ஏத்தது, இருபதுக்குச் செஞ்சது இல்லை. மைலேஜ் குறையும். நிதி ஆயோக் 2021 அறிக்கையே பழைய கார்களுக்கு 6-7 சதவீதம் குறையும்னு சொல்லுது. என் கவலை மைலேஜ் இல்லை, ரப்பர். பெட்ரோல் ஹோஸ், ஓ ரிங் எல்லாம் பதினெட்டு வயசு. எத்தனால் தண்ணியை இழுக்கும், அதனால டேங்க்ல பெட்ரோலை வெச்சு மாசக்கணக்கா நிறுத்தாதீங்க. வாரம் ஒரு தடவையாவது நல்லா சூடாகற அளவுக்கு ஓட்டுங்க. சும்மா ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷத்துல அணைக்கிறது கெடுதல். சின்னச் சின்ன ஓட்டம் இந்த இன்ஜினுக்கே ஆகாது, வால்வு லிஃப்டர்ல டிக்டிக்னு சத்தம் வர ஆரம்பிக்கும்.

---

சேலையூர்_ஸ்டீயரிங் | அடுத்த சனி, இரவு 9:30

எல்லாருக்கும் நன்றி. இன்னிக்குப் போய்ப் பார்த்தாச்சு. ஸ்பேனர் அண்ணன் அம்பத்தூர்ல இருந்து விடிகாலையிலேயே வந்துட்டார், பெட்ரோல் காசுகூட வாங்க மாட்டேன்னுட்டார்.

ஓனர்கிட்ட முன்கூட்டியே சொல்லியிருந்தோம், நாங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு. காலை 6:15. அண்ணன் பானெட் மேல உள்ளங்கையை வெச்சு, சில்லுன்னு இருக்குன்னு தலையாட்டின பிறகுதான் சாவி போட்டோம். முதல் பத்து செகண்ட் லேசா டிக்டிக். அப்புறம் அடங்கிடுச்சு. அதுக்கப்புறம் இன்ஜின் ஓடுதான்னு கை வெச்சுப் பார்க்கணும், அவ்வளவு அமைதி.

பின் சீட் பெல்ட் ரெண்டையும் கடைசி வரைக்கும் இழுத்தேன். கறை இல்லை. நடுவுல மடிஞ்ச தடம் மட்டும். சீட் தண்டவாளத்துல கிரீஸ் காய்ஞ்சிருக்கு, துரு இல்லை. 2015ல வண்டி எங்கன்னு கேட்டேன். முதல் ஓனர் கோயம்புத்தூர்ல இருந்தாராம், அந்த வருஷம் நவம்பர் சர்வீஸ் பில்லும் 2016 ஜனவரி பில்லும் கோயம்புத்தூர் முகவரியில ஃபைல்ல இருக்கு. மிக்ஜாம் சமயத்துல வண்டி மேம்பாலத்து மேல நின்னுதாம். போட்டோ வெச்சிருந்தார், மழையில வரிசையா காருங்க, நடுவுல இந்தக் கருநீலம். பாலிசியில நோ கிளெய்ம் போனஸ் 50.

அண்ணன் லேப்டாப் மாட்டினார். சாவியில பதிவான கிலோமீட்டரும் மீட்டரும் ஒண்ணுதான். ஆர்சியில 2497. 2028 வரைக்கும் செல்லும்.

இப்ப குறைகள். வாட்டர் பம்ப் மாத்தவே இல்லை, பில் கிடையாது. கூலண்ட் டேங்க் மஞ்சளாயிடுச்சு, ஒட்டுப் போட்ட விளிம்புல முடி மாதிரி ஒரு கோடு, அதுல வெள்ளையா உப்புப் பூத்திருக்கு. ஃபில்டர் ஹவுசிங்ல ஆயில் கசிவு. முன் லோயர் ஆர்ம் புஷ் கிழிஞ்சிருக்கு. டயர் நாலும் 2018. கியர்பாக்ஸ் ஆயில் மாத்தினதே இல்லை. "லைஃப்டைம் ஆயில், தொட வேண்டாம்னு சொன்னாங்க"ன்னு ஓனர் சொன்னார். கியர்பாக்ஸ் தயாரிக்கிற இசட்எஃப் கம்பெனியே 80,000ல இருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள்ள மாத்தச் சொல்லுதுன்னு அண்ணன் சொன்னார்.

ஈசிஆர்ல உத்தண்டி வரைக்கும் ஓட்டினேன். மூவாயிரம் ஆர்பிஎம் தாண்டினதும் அந்தச் சத்தம் இருக்கே, அதை எப்படி எழுதறதுன்னு தெரியலை. டர்போ வண்டி மாதிரி முதுகுல ஒரு தள்ளு கிடையாது. நாதஸ்வரத்துல ஒரு ஸ்வரத்தைப் பிடிச்சுக்கிட்டே மேல ஏத்திக்கிட்டுப் போற மாதிரி.

உடனடி வேலைக்கு அண்ணன் போட்ட எஸ்டிமேட் 1 லட்சத்து 55 ஆயிரம். பம்ப், தெர்மோஸ்டாட், டேங்க், ஹோஸ், கேஸ்கட், புஷ், கியர் ஆயில் ஃபில்டரோட, நாலு சாதா டயர். பெயிண்ட் இதுல சேரலை.

---

போரூர்_டாப்கியர் | அடுத்த சனி, இரவு 10:05

6.40 கூட 1.55, எட்டு லட்சத்துல அஞ்சாயிரம்தான் மிச்சம். அடுத்த மாசமே ஏதாவது ஒண்ணு போச்சுன்னா? வண்டி நல்ல வண்டிதான், இப்ப எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. ஆனா இந்த விலைக்கு எடுக்காதீங்க. விலை குறையலைன்னா எழுந்து வந்துடுங்க.

---

வேளச்சேரி_நீர்மட்டம் | அடுத்த சனி, இரவு 10:31

போரூர் சொல்றது சரி. வீட்ல என்ன சொல்றாங்க? அதை எழுதவே இல்லையே.

---

சேலையூர்_ஸ்டீயரிங் | ஞாயிறு, காலை 7:15

அவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: "இது ரிப்பேர் ஆனா பொண்ணு ஃபீஸ் கட்டுற மாசத்துல கை வைப்பீங்களா?" வைக்க மாட்டேன்னு சொல்லணும்னா கையில ஒண்ணரை லட்சமாவது தனியா இருக்கணும். அதனால எல்லாம் சேர்த்து ஆறரை தாண்டக் கூடாதுன்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணினோம். அப்படின்னா வண்டிக்கு 4.95. எஸ்டிமேட்டை அப்படியே ஓனர்கிட்ட காட்டப் போறேன். பேரம் பேச எனக்கு வராது, கணக்கை மட்டும் வைக்கிறேன்.

---

சேலையூர்_ஸ்டீயரிங் | புதன், இரவு 8:50

5.10க்கு முடிஞ்சுது. எஸ்டிமேட்டை ஒவ்வொரு வரியா கண்ணாடி போட்டுப் படிச்சார். "பம்ப் விஷயம் எனக்குத் தெரியாதுப்பா, தெரிஞ்சிருந்தா மாத்தியிருப்பேன்"னார். பதினஞ்சாயிரம் என் கணக்கைத் தாண்டிடுச்சு, ரூஃப் பெயிண்டை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிட்டேன். வேற ரெண்டு பேர் இதைவிட அதிகமா தர்றேன்னு கேட்டாங்களாம். ஒருத்தர் சைலன்சரை அறுத்து மாத்தணும்னு சொன்னதால கொடுக்கலையாம். 29, 30 கையெழுத்தாச்சு, விண்ணப்பமும் போட்டாச்சு.

---

கேகேநகர்_படிவம்30 | புதன், இரவு 9:20

வாழ்த்துகள். ஒப்புகைச் சீட்டை வண்டியிலேயே வைத்திருங்கள். இன்சூரன்சையும் பதினான்கு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அவருடைய போனஸ் அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது.

---

சேலையூர்_ஸ்டீயரிங் | மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு, இரவு 7:40

வேலை எல்லாம் முடிஞ்சு நேத்துதான் வண்டி வந்தது. கழட்டின பழைய பம்பை அண்ணன் ஒரு கவர்ல போட்டுக் கொடுத்தார். போல்ட் எல்லாம் புது அலுமினியம், பில்லுல எண்ணிக்கையோட இருக்கு.

இன்னிக்குக் காலையில அம்மாவை முன் சீட்ல, மனைவியையும் பொண்ணையும் பின்னாடி உட்கார வெச்சு சிங்கப்பெருமாள்கோவில் போயிட்டு வந்தோம். தரிசனம் முடிஞ்சு வெளியே வந்ததும் அந்த ஆலை இருக்கிற பக்கம் ஒரு சுத்து சுத்தினேன். ஓரமா நிறுத்தி இறங்கி நின்னேன். பொண்ணு ஏம்ப்பா இங்க நிறுத்தினேன்னு கேட்டா. இந்த வண்டி இங்கதான் செஞ்சதுன்னு சொன்னேன். "அப்ப இது ஊருக்கு வந்திருக்கு"ன்னா.

அம்மா முதுகைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. திரும்பி வரும்போது பெருங்களத்தூர் வரைக்கும் தூங்கிட்டே வந்தாங்க.

---

அம்பத்தூர்_ஸ்பேனர் | ஞாயிறு, இரவு 8:05

சந்தோஷம் தம்பி. ராத்திரி இன்ஜினுக்கு நேர் கீழே ஒரு அட்டையை விரிச்சு வெச்சுட்டுப் படுங்க. காலையில பார்த்துட்டு இங்க எழுதுங்க.

---

சேலையூர்_ஸ்டீயரிங் | திங்கள், காலை 6:02

பார்த்தாச்சு அண்ணே. இடது பக்கம் ஒரு சொட்டு, ரூபாய்க் காசைவிடச் சின்னது. தொட்டா வழுக்கலை, வாசனையும் இல்லை. ஏசி தண்ணியா இருக்குமோ?

---

அம்பத்தூர்_ஸ்பேனர் | திங்கள், காலை 6:10

ஏசி தண்ணிதான். இன்னும் ரெண்டு ராத்திரி அட்டை இருக்கட்டும்.